இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஸ்யூவி: வீட்டிலேயே எதைச் செய்யலாம், எதை முதலில் செய்யலாம்?

கேள்வி இது: 15 வருடப் பழைய ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி, 2.5 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, முந்தைய பராமரிப்பு விவரம் எதுவும் கையில் இல்லை, ஸ்பேனர் பிடிக்க ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்குவது, எந்த அப்கிரேடுக்குப் பணம் போடலாம்?

ஓடோமீட்டர் எண்ணைப் பார்த்து என்ஜினை நினைத்துப் பயப்பட வேண்டாம். வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய என்ஜின் இந்தத் தூரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த வயதில் வண்டியை வழியில் நிறுத்துபவை காய்ந்த ரப்பர், உளுத்த பிளாஸ்டிக், யாரும் தொடாமல் விட்ட ஆயில்கள், பச்சை பூத்த எர்த் முனைகள். இவை எல்லாமே வீட்டில் மாற்றக்கூடியவை. அதனால் முதல் ஆறு மாதப் பணத்தை இவற்றுக்கு ஒதுக்குங்கள். பெரிய டயரும் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் அதற்குப் பிறகு வரட்டும்.

அடியில் படுப்பதற்கு முன் ஒரு விஷயம். வண்டி இரண்டு டன் எடை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் சேஸிஸ் மேல் அல்லது ஆக்ஸில் மேல். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரை ‘பார்க்’கில் போட்டிருந்தாலும் வண்டி உருளும், இது பலருக்குத் தெரியாது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், டிஸ்கவரி போன்றவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ஆக்ஸிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அவற்றில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலே, இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல் வழியாக மறுசக்கரம் விடுபட்டு வண்டி நகரும். நிரந்தர ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஒற்றைச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு என்ஜினைக் கியரில் ஓட்டவே கூடாது.

இனி வேலை. முதலில் கூலிங். பழைய வண்டியில் என்ஜினைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான். அதைக் கொல்லும் உதிரிபாகமோ கைக்கடக்கமான ஒரு பிளாஸ்டிக் துண்டாக இருக்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். புதிதில் கறுப்பாக இருந்தது பழுப்பு நிறமாகி, மேல் ஹோஸ் மாட்டும் கழுத்தில் மெல்லிய கோடு விழுந்திருந்தால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள், ரேடியேட்டரையே மாற்றுங்கள். ஹோஸ்களை என்ஜின் ஆறியபின் விரலால் அழுத்துங்கள்: நொறநொற என்று உடையும் உணர்வு வந்தாலும், கிளாம்ப் பக்கத்தில் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தாலும் மாற்ற வேண்டும். ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்களையும் அவற்றின் நடுவே இருக்கும் ‘டி’ வடிவ பிளாஸ்டிக் இணைப்பையும் மறக்காதீர்கள். டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வரிசையில் இந்த ‘டி’ இணைப்பு வயதானால் தொட்டாலே பொடியாகும். பின்பக்கம் ஃபயர்வால் அருகே ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை.

ரேடியேட்டர் மூடியும் ஒரு உதிரிபாகம்தான். அது 0.9 முதல் 1.1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடும். பழையதில் அச்சிட்ட அதே எண் உள்ள புது மூடி போடுங்கள்; கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸ்களும் தொட்டியும் கிழியும். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் இரண்டையும் ஒன்றாகவே பாருங்கள். பம்பின் அடியில் சின்ன ஒரு துளை இருக்கும். அங்கே காய்ந்த கூலன்ட் படிவு கோடாக வழிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள்.

ஃப்ளஷ் செய்யும்போது பலர் தவறுவது கலவையில். கூலன்ட்டை இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறியபின் மீண்டும் இறக்குங்கள். நிறமில்லாமல் வரும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் தங்கியே இருக்கும். இப்போது கடைசியாகப் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்டை ஊற்றினால் உள்ளே நீர்த்துப் போகும். மேனுவலில் மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் என்றால், கலக்காத கூலன்ட் 5 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கலவை தானாகச் சரியாகிவிடும். வண்டியின் மூக்கு சற்று மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டால் காற்றுக்குமிழி வெளியேறும். மறுநாள் காலை என்ஜின் ஆறிய நிலையில் அளவை மறுபடி பாருங்கள். நிறத்தை நம்பி வேறு வகை கூலன்ட்டைக் கலக்காதீர்கள். ஒரே நிறத்தில் வேறுவேறு வேதிப்பொருள் இருக்கும், சேராதவை சேர்ந்தால் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு ஏறினால், எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். நெரிசலில் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் ஃபேன் அல்லது சூட்டுக்கேற்ப ஃபேனைப் பிடித்துச் சுழற்றும் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச். வேகமாகப் போகும்போதும் மேட்டிலும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறது. டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பக் கூடாது. பல வண்டிகளில் சூடு 75 டிகிரியிலிருந்து 100ஐத் தாண்டும் வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது அசையும்போது தாமதமாகியிருக்கும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி அடாப்டர் ஒன்றை மாட்டி மொபைலில் கூலன்ட் சூட்டை எண்ணாகவே பாருங்கள். கூலன்ட் காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால் பிளாக் டெஸ்டர் வாங்குங்கள். ரேடியேட்டர் வாயில் வைக்கும் அந்த நீல திரவம் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாக மாறினால், எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வருகிறது. என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இந்த முடிவு தெரியும் வரை வண்டிக்கு வேறு செலவு எதுவும் செய்யாதீர்கள்.

உங்கள் என்ஜினில் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட்டா செயினா என்று மேனுவலில் பாருங்கள். பெல்ட் என்றால், மாற்றியதற்கான ரசீது இல்லாதவரை அது மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வருடக் கணக்கு தாண்டியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர், பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப், முன் ஆயில் சீல்கள் எல்லாம் ஒரே தடவையில்.

ஆயில்களுக்கு வருவோம். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் எதுவானாலும் ஒரே விதி: நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள், அது கழன்ற பிறகே இறக்கும் பிளக்கைத் தொடுங்கள். ஆயிலை இறக்கிவிட்டு மேல் பிளக் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம். மேனுவல் கியர் பாக்ஸ் ஜிஎல்-4 கேட்டால் அதையே கொடுங்கள். ஜிஎல்-5இல் உள்ள சில சேர்க்கைகள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் அதற்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் வேண்டும், இல்லையென்றால் திரும்பும்போது பின்பக்கம் நடுங்கி முனகும். பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் குத்தும் சில்லு இருந்தால் பேரிங்கோ பல்லோ உடைகிறது. ஆயில் பால் கலந்த மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆக்ஸில் மேலே இருக்கும் பிரீதர் வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அது அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியே கசியும், ஓடையில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது அதே சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். சீல் மாற்றுவதற்கு முன் பிரீதரைப் பார்க்காதவர்கள் அதே சீலை மறுபடி மாற்றுவார்கள்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்ற பேச்சு பரவலாக உண்டு. ஏற்கெனவே கியர் வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி முயற்சியாக மாற்றியவர்களின் அனுபவம்தான் இப்படிப் பரவியது. கியர் சரியாக விழுகிறது என்றால் மாற்றலாம், மாற்ற வேண்டும். அழுத்தம் கொடுத்துக் கழுவும் மெஷின் வேண்டாம். ஒரு தடவை இறக்கினால் மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் வரும், மீதி டார்க் கன்வர்ட்டரில் நிற்கும். வந்த ஆயிலை அளவு ஜாடியில் பிடித்து, அதே அளவு புதிதை ஊற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னும் இரண்டு தடவை இதையே செய்தால் பெரும்பகுதி புதிதாகிவிடும். டிப் ஸ்டிக் இல்லாத சீல்டு வகைகளில் ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், பல வண்டிகளில் 40 டிகிரியை ஒட்டி. அந்தச் சூட்டையும் ஓபிடியில் படிக்கலாம். இறக்கிய ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் கலந்திருக்கிறது. 2005–2010 நிஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃபிரண்டியர் வண்டிகளில் இது பேர்போன கோளாறு. அவற்றில் ரேடியேட்டரைக் கெடுவதற்கு முன்பே மாற்றிவிடுவது கியர் பாக்ஸைக் காப்பாற்றும்.

என்ஜின் ஆயிலில் சொல்ல அதிகமில்லை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்; அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில் ஆயில் முழுதும் வெளியே. கேஸ்கெட் கசிவுகளைச் சரிசெய்யும் முன், என்ஜினின் அடிப்பாகத்தில் (கிராங்க் கேஸ்) சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வை மாற்றுங்கள். அது அடைத்தால் கிராங்க் கேஸ் அழுத்தம் எல்லா சீல்களையும் வெளியே தள்ளும். டீசல் என்றால் இன்ஜெக்டர் அடி வாஷர்களுக்குக் கவனம் தேவை: டொயோட்டாவின் 3.0 லிட்டர் 1கேடி என்ஜினில் அவை கசிந்தால் எரிந்த புகை ஆயிலில் கலந்து கரியாகி, ஆயில் பம்பின் வலையை அடைத்துவிடும்.

கிரீஸ் கன் கட்டாயம் வாங்குங்கள். வண்டி நின்று ஒரு நொடி கழித்து, பின்னாலிருந்து யாரோ மெதுவாக முட்டியது போல ‘டொக்’ என்று வருகிறதா? கியர் பாக்ஸைச் சந்தேகிக்கும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் யோக்கைப் பாருங்கள். சஸ்பென்ஷன் அசையும்போது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைவது அந்தப் பல்லிணைப்பில்தான். அது காய்ந்திருந்தால் வழுக்காமல் பிடித்து நின்று, பிறகு சட்டென்று விடும். கிராஸ் ஜாயின்ட் நிப்பிளில் பழைய கிரீஸ் நான்கு முனையிலும் பிதுங்கும் வரை அடிக்கலாம். ஸ்லிப் யோக்கில் அப்படிச் செய்யக் கூடாது. உள்ளே இடம் நிரம்பிவிட்டால் யோக் உள்வாங்க முடியாமல் கியர் பாக்ஸ் பேரிங்கைத் தள்ளும். யோக் லேசாக வெளிநகரத் தொடங்கும்போதே நிறுத்துங்கள்.

பிரேக்கில் பேட் மாற்றுவது எளிது, அதைச் சுற்றி இருப்பதுதான் கெடும். காலிப்பர் சறுக்கும் பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் பூட் ரப்பர் ஊதிப் பின் இறுகும். பிறகு ஒருபக்கப் பேட் மட்டும் தேயும். புது டிஸ்க் போடும் முன் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துணுக்குத் துரு டிஸ்க்கின் ஓரத்தில் பெரிய தள்ளாட்டமாகி, சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் நடுங்கும். ஆட்கள் டிஸ்க்கின் தரம் மோசம் என்று அதைக் குறை சொல்வார்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் இழுத்தபின் 155 வரை இறங்கலாம், நீண்ட இறக்கத்தில் அது போதாது.

பிளீட் செய்ய, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற, உதவிக்கு ஒருவர் பெடல் மிதிப்பாரென்றால், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். இத்தனை வருடமும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் பாதித் தூரம்தான் போய் வந்திருக்கும். அதற்கு அப்பால் உள்ள சுவரில் துருவும் படிவும் உண்டு. பெடலைத் தரைவரை மிதித்தால் ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் கிழிந்து, நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் அன்றைக்கே போய்விடும்.

சஸ்பென்ஷனைச் சோதிக்க சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையவில்லை என்றால் பால் ஜாயின்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது வந்தால் டை ராட். 1996–2002 டொயோட்டா 4ரன்னர், அதே காலத்து டகோமா போன்றவற்றில் கீழ் பால் ஜாயின்ட் இழுவிசையில் தொங்குகிறது. அது கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். அந்த ஒரு பாகத்தில் விலை பார்க்காமல் கம்பெனி உதிரிபாகமே போடுங்கள். புது புஷ் போட்ட பிறகு கன்ட்ரோல் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில், வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும்.

கீழே படுத்திருக்கும்போதே சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று வரும் இடம் நல்ல இரும்பு. மழுங்கிய சத்தம் வரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெட்டி வடிவ சேஸிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வடிகால் துளைகளைச் சேறு அடைத்தால் இன்னும் வேகமாக. துரு மேல் தார் மாதிரிக் கோட்டிங் அடிப்பது ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான். லேனொலின் அல்லது மெழுகு வகையை உள்ளே பீய்ச்சி அடித்து, வருடா வருடம் புதுப்பியுங்கள்.

மின்சாரத்தில் மல்டிமீட்டர் இல்லாமல் உதிரிபாகம் மாற்றாதீர்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் மீட்டரை வைத்து ஸ்டார்ட் அடித்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, இரண்டு முனையும் இரும்பு பளிச்சிடும் வரை தேய்த்துப் போடுங்கள். சோம்பலான ஸ்டார்ட்டர், மினுக்கும் விளக்கு, காரணம் தெரியாத சென்சார் பிழைக் குறியீடு எல்லாம் பல வண்டிகளில் இதோடு தீர்ந்துவிடும்.

செக் என்ஜின் விளக்கு எரிந்தால் ஓபிடியில் வரும் பிழைக் குறியீடு சொல்லும் பாகத்தை உடனே வாங்கிவிட வேண்டாம். பி0171 என்றால் கலவை மெலிந்திருக்கிறது (காற்று அதிகம், எரிபொருள் குறைவு) என்றுதான் பொருள், சென்சார் கெட்டது என்றல்ல. ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐட்லிங்கில் மட்டும் அதிகமாகி ஆர்பிஎம் ஏற்றினால் இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது, பெரும்பாலும் வெடித்த வேக்குவம் ஹோஸ். லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்கு, அல்லது ஃபியூயல் அழுத்தம் போதவில்லை. அந்த சென்சாருக்கென்றே விற்கும் ஸ்பிரே போதும், விரலோ துணியோ படக் கூடாது.

இதெல்லாம் முடிந்தால் அப்கிரேடு. முதலில் நல்ல டயர். பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டியதைத் தூக்கிப் போடுங்கள். அடுத்தது வெளிச்சம். ஹெட்லைட் பல்ப் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 இருக்கும்போது பல்ப்பில் 12.6 தான் வந்தால் வோல்ட் குறைவு பத்து சதவீதம், ஹாலஜன் வெளிச்சக் குறைவோ முப்பது சதவீதம். பேட்டரியிலிருந்து ரிலே, தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து நேராக இழுத்தால் அதே பல்ப் புதிதாகத் தெரியும். ஹாலஜனுக்கான ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்ப் செருகினால் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், உங்களுக்குத் தூரம் தெரியாது. மஞ்சளான ஹெட்லைட் பிளாஸ்டிக் முகப்பை 800, 1500, 2000 எண் உப்புத்தாள்களால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தெளியும். அதன் மேல் யூவி கிளியர் கோட் அடிக்காவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு ரேடியேட்டருக்கு முன்னால் தனி கியர் ஆயில் கூலர், செலவழித்த காசுக்கு முழுப் பலன் தரும்.

லிஃப்ட் கடைசி. 40, 50 மில்லிமீட்டரோடு நின்றால் அலைன்மென்ட்டுக்குள் பெரும்பாலும் அடங்கும். அதற்கு மேல் முன் டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடி பூட் கிழியும், கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து வேகத்தில் ஸ்டியரிங் அலையும். பல பழைய எஸ்யூவிகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கம்பியோடு ஒரு பிரேக் வால்வு இருக்கும். பாடி உயர்ந்ததும் அந்த வால்வு வண்டியில் சுமை இல்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். லிஃப்ட் அளவுக்கே அதன் பிராக்கெட்டையும் உயர்த்த வேண்டும். வேலை முடிந்ததும் சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு முனைக்கும் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள்.